கூடுகொம்பி வழக்கு

மலைக்குள் மாடு போகலாம், மனிதர் போகக் கூடாது என்று உத்தரவு வந்த அன்று, ஒச்சம்மாள் அதை நல்ல செய்தி என்றே எடுத்துக்கொண்டாள்.

"மாடு போகலாம்னு போட்டிருக்குல்ல? அம்புட்டுதேன். நமக்கு அங்க என்ன சோலி?" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டு, தன் மாடுகளை மலையடிவார வேலிக் கேட்டுக்குள் விட்டாள். அவை மேடேறிப் புதருக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் பிறகு கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

உருமிமலையின் கிழக்குச் சரிவு முழுவதும் அரசாங்கத்து மேய்ச்சல் நிலம். நெடுங்காலம் பூட்டிக் கிடந்த அதை, மேய்ச்சல்நிலக் கண்காணிப்பு ஆணையம் என்று புதிதாக வந்த ஒன்று திறந்துவிட்டது. ஒரே நிபந்தனை, ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் ஆணையத்தின் பட்டை இருக்க வேண்டும். பட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி. மாடு எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியும்; எந்த இடத்தில் எவ்வளவு புல் மிச்சம் என்பது வானத்தில் சுற்றும் இன்னொன்றுக்குத் தெரியும். இரண்டும் பேசிக்கொள்ளும். மேய்ந்தது போதும் என்று தோன்றினால் பட்டை மாட்டின் காதருகே மெல்ல ஒலிக்கும். மாடு நகராவிட்டால் கழுத்தில் சுருக்கென்று ஒரு அதிர்ச்சி. சில நாட்களிலேயே மாடுகள் ஒலிக்குத் திரும்பப் பழகிவிட்டன. பொழுது சாயும்போது அந்த ஒலியே அவற்றை வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டது.

ஊரில் இந்த ஏற்பாட்டுக்கு 'மேலயிருக்கிறவன்' என்று பெயர் வைத்தார்கள். மேலயிருக்கிறவன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லி, மாட்டுக்காரர்கள் உசிலை மர நிழலில் படுத்துத் தூங்கினார்கள். ஒச்சம்மாளும் தூங்கினாள். மாடுகள் அவளுக்குப் பிறந்த வீட்டுப் பங்காக வந்தவை. கணவன் ஏலத்தோட்ட வேலைக்கு மலைக்கு அந்தப்பக்கம் போய்விட்டு, பொங்கலுக்குப் பொங்கல் வருகிறவன். அவளுக்குக் காலாற ஓய்வு கிடைத்தது அந்த ஒரு வருடம்தான்.

அடுத்த வருடம் மழை பொய்த்தது. புல் கருகியது. அப்போதுதான் அந்த உத்தரவு வந்தது. விளக்கம் சொல்ல ஆணையத்தின் கண்காணிப்பு அலுவலர் ஜெபக்கனி ஜீப்பில் வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, முப்பதைத் தாண்டாதவள், வெயிலில் நின்றே பேசுகிறவள்.

"அக்கா, புல்லு ஏன் காஞ்சதுன்னு கம்ப்யூட்டர் கணக்குகிட்ட கேட்டோம். ஆளுங்க நடமாட்டம்தான் காரணம்னு வந்திருக்கு" என்றாள்.

"மழை பெய்யலன்னு வரலையா?"

"மழை நம்ம கையில இல்லல்லா. நம்ம கையில இருக்கதுல எது காரணம்னுதான் கேட்டோம். மாடு அது சொல்ற எடத்துலதான் மேயுது, அதனால மாட்டு மேல தப்பு வராது. காட்டு மிருகத்தைத் தொடக் கூடாது. மிச்சம் இருக்கது நீங்கதான்."

ஒச்சம்மாளுக்கு இதில் எங்கே பிசகு என்று சொல்லத் தெரியவில்லை. ஜெபக்கனிக்கும் தெரியவில்லை என்பது அவள் முகத்திலேயே இருந்தது.

மரங்களில் கேமரா கட்டினார்கள். அவற்றுக்கு உருவம் தெரியாது, உடம்புச் சூடு மட்டும் தெரியும். புதருக்குள் எது மாடு, எது ஆள் என்று பிரிக்க எளிய வழி ஒன்று வைத்திருந்தார்கள். பட்டையோடு போகிற சூடு மாடு. பட்டையில்லாமல், ஆள் அளவில் போகிற சூடு மனிதர். மனிதர் என்றால் சங்கு ஊதும், வழக்குப் பதிவாகும். கேட்டில் காவலுக்கு முத்திருளாண்டியைப் போட்டார்கள். உள்ளூர்க்காரன், ஒச்சம்மாளுக்குக் கொழுந்தன் முறை.

அவள் தினமும் கேட்டருகே உட்கார்ந்து கைபேசியில் மாடுகளைப் பார்த்தாள். ஒவ்வொரு மாடும் ஒரு பச்சைப் புள்ளி. புள்ளி நகர்ந்தால் மேய்கிறது, நின்றால் அசைபோடுகிறது.

ஒருநாள் மதியத்துக்கு மேல் மயிலையின் புள்ளி நின்ற இடத்திலேயே நின்றது. நிறைசினையாக இருந்த மாடு.

"இருளாண்டி, மயிலைக்கு வலி எடுத்திருச்சுடா. கேட்டைத் திற."

"மதினி, நான் திறந்தாலும் கேமரா விடாது. டாக்டருக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு வந்துருவாக."

"நாளைக்கு வந்து என்னத்தப் பாக்க? அதுக்குத் தலைச்சன்டா."

"என் வேலை போயிரும் மதினி" என்றான் அவன். கெஞ்சுகிற குரலில்தான் சொன்னான்.

ஒச்சம்மாள் கொஞ்ச நேரம் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வேகமாக வீட்டுக்குப் போய், தொழுவத்து ஆணியில் தொங்கிய பட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். போன வருட மழைக்காலத்தில் பாம்பு கடித்துச் செத்துப்போன கூடுகொம்பியின் பட்டை அது. இரண்டு கொம்பும் உள்பக்கம் வளைந்து நுனி ஒட்டியிருக்கும் மாடு. பட்டையை ஒப்படைக்க டவுனுக்குப் போக வேண்டும் என்று அவள் தள்ளிப்போட்டபடியே இருந்தாள்.

கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றி அதைக் கட்டிக்கொண்டாள். கருவியில் சின்ன விளக்கு எரிந்தது.

"இப்பத் திற."

முத்திருளாண்டி தன் திரையைப் பார்த்தான். கூடுகொம்பி, கேட்டருகே, நலம் என்று அதில் வந்திருந்தது. அவன் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தான்.

அவள் மரங்களுக்கு அடியில் ஓடினாள். ஒரு கேமராவும் சத்தம் போடவில்லை. மயிலை கிடந்த பள்ளம் அந்த மாதம் மேயக் கூடாதென்று ஒதுக்கிய பகுதியின் விளிம்பில் இருந்தது. ஒச்சம்மாள் அங்கே காலை வைத்ததும் காதருகே பட்டை ஒலித்தது. இன்னும் இறங்கினாள். கழுத்தில் சுருக்கென்று அடித்தது. மாட்டுக்குக் கணக்குப் போட்டு வைத்த அதிர்ச்சி அது. பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டின் பின்னால் உட்கார்ந்தாள். கன்றின் ஒரு கால் மடங்கி உள்ளே நின்றிருந்தது. கையை விட்டு அதை நேராக்கி இழுக்கும்வரை பட்டை விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தது. கன்று மண்ணில் விழுந்தபோது அவள் தலையைச் சாய்த்து, அழுகிறோம் என்பது தெரியாமலே அழுதுகொண்டிருந்தாள். அது வலியால் வந்த அழுகையா, வேறெதனாலா என்று அவளால் சொல்ல முடியாது.

பொழுது சாய்ந்ததும் எல்லாப் பட்டைகளும் ஒலித்தன. கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, மாடுகளுக்கு நடுவே ஒரு மாடாக அவள் கேட்டைத் தாண்டி வெளியே வந்தாள்.

மறுநாளும் பட்டையைக் கட்டிக்கொண்டு போனாள். அதற்கு அடுத்த நாளும் போனாள். செய்தி ஊரில் மெல்லப் பரவியது. விற்ற காளைகளின் பட்டைகளை ஒப்படைக்காதவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். வாரம் ஒருவராக அவர்களும் மாடுகளோடு உள்ளே போகத் தொடங்கினார்கள். முத்திருளாண்டியின் திரையில் எல்லோரும் நலமாக இருந்தார்கள்.

அதிர்ச்சி விழாமல் நடக்க அவர்கள் பழகிக்கொண்டார்கள். ஒலி கேட்டால் யோசிக்காமல் திரும்பிவிடுவது. ஆனால் அந்தப் பழக்கம் மலையோடு நிற்கவில்லை. உசிலம்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போன ஒச்சம்மாள், பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வாசலை நோக்கி நடந்தாள். வெளியே ஐஸ் வண்டிக்காரனின் மணி அடித்திருந்தது. "எங்கடி எந்திரிச்சுப் போற?" என்று சொந்தக்காரி ஒருத்தி கையைப் பிடித்த பிறகுதான், தான் எழுந்து வந்ததே அவளுக்குத் தெரிந்தது. கழுத்தில் பட்டை இல்லை. இருந்தும் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல, புழுக்கமா இருந்துச்சு" என்றாள்.

மறுவருடம் மழை நன்றாகப் பெய்தது. உருமிமலையில் இடுப்பளவு புல் எழும்பியது. ஆணையத்தில் காரணத்தைத் தேடினார்கள். மழை இந்த முறையும் கணக்கில் சேரவில்லை. கணக்கு வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தது. மந்தையில் சில மாடுகள் வித்தியாசமானவை. அவை ஒரு வாய்ப் புல்கூடத் தின்பதில்லை. மற்ற மாடுகள் அவற்றின் பின்னால் போகின்றன. மதியம் ஒரே மரத்தடியில் கூடி நிற்கின்றன. அறிக்கையில் இவற்றுக்கு 'முன்னோடி மாடுகள்' என்று பெயர். அறிக்கையை எழுதியவள் ஜெபக்கனி. மேடையில் அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். முன்னோடிகளில் முதலிடம் கூடுகொம்பிக்கு.

அந்த மாட்டை நேரில் பார்க்க அவள் ஆசைப்பட்டாள். ஆணையத்தாருக்கு மட்டும் உள்ளே போக அனுமதி உண்டு; அவர்கள் கைபேசியை அடையாளம் கண்டு கேமரா விட்டுவிடும். ஒருநாள் மதியம் கைபேசியைப் பார்த்தபடி புள்ளியைத் தேடிக்கொண்டு ஏறினாள். புள்ளி இருந்த இடத்தில் ஒரு பாறை. பாறையில் ஒச்சம்மாள் உட்கார்ந்து தூக்குவாளியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

ஜெபக்கனி சுற்றுமுற்றும் பார்த்தாள். திரும்பவும் கைபேசியைப் பார்த்தாள்.

"அக்கா, இங்க கூடுகொம்பின்னு ஒரு மாடு..."

"நாந்தேன் மேடம்."

ஜெபக்கனி அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒச்சம்மாள் வாளியை நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

"ஒங்களப் பத்தி நான் பேசாத மேடை இல்லக்கா. 'இந்த மாடு மேயறதே இல்ல, ஆனா அத்தன மாடும் அது பின்னாலதான் போகுது'ன்னு டெல்லி வரைக்கும் போயிச் சொல்லியிருக்கேன்."

"நல்லவிதமாத்தான சொன்னீக?"

"ரொம்ப நல்லவிதமா."

காற்றில் புல் அலைந்தது. ஒச்சம்மாள் கேட்டாள்: "எங்கள ஆளாவே உள்ள விட்டா என்ன மேடம்? மனுகூடப் போட்டமே."

"அது என்கிட்டதான் வந்துச்சு. தள்ளுபடி பண்ணிட்டேன்."

"ஏன்?"

ஜெபக்கனி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆளுங்க யாரும் போகாததுனாலதான் புல்லு இவ்வளவு நல்லா வளந்திருக்குன்னு காரணம் எழுதினேன்."

ஒச்சம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். கடைசியில் ஜெபக்கனியும் சிரித்தாள். ஆனால் கீழே இறங்கும்போது அவள் யோசித்துக்கொண்டேதான் இறங்கினாள். உண்மையைச் சொன்னால் இந்த மனிதர்கள் சிறைக்குப் போவார்கள். சொல்லாவிட்டால் தன் பதவி உயர்வு கைக்கு வரும். இரண்டும் ஒரே பக்கம் இழுத்ததால், சொல்லாமல் இருப்பது இரக்கமா, சுயநலமா என்று அவள் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. சொல்லாமல் இருந்தாள்.

வேனிலில் புது ஆணை வந்தது. வடக்கே இன்னொரு மலையில் மேய்ச்சல் சரியில்லை, ஆகவே உருமிமலையின் முன்னோடி மாடுகளை லாரியில் ஏற்றி அங்கே அனுப்ப வேண்டும். முதலில் கூடுகொம்பி.

ஜெபக்கனி ஊருக்கே வந்து ஒச்சம்மாளைப் பார்த்தாள். "கூடுகொம்பி செத்துப்போச்சுன்னு எழுதிருதேன்க்கா. பிரச்சினை முடிஞ்சிரும்."

"நான் செத்துட்டா அப்புறம் மலைக்கு எப்பிடிப் போக?"

"வேற பட்டை ஏதாவது..."

"இன்னொரு மாடு சாகட்டும்னு காத்துக் கெடக்கச் சொல்றீகளா?" அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "வடக்கயும் போக முடியாது. என் மாடு இங்கன கெடக்கு. விடுங்க மேடம், நான் பாத்துக்கறேன்."

லாரி வந்த காலையில் ஆணையத்து ஆட்கள் நான்கு பேர் கயிறுகளோடு புள்ளியைத் தொடர்ந்து ஏறினார்கள். ஒச்சம்மாள் மேட்டுப் பாறையில், எல்லாக் கேமராக்களுக்கும் தெரியும்படி நின்றாள். ஆட்கள் வளைவில் திரும்பியதும் கழுத்துப் பட்டையை அவிழ்த்துப் பாறையில் வைத்தாள். பட்டை இருந்த இடத்தில் தோல் வெளுத்து, வாழைத்தண்டு மாதிரி இருந்தது. அதில் காற்றுப் பட்டது. மரத்துக்கு மரம் சங்கு ஊதியது. அவள் ஓடவில்லை. ஆளாகவே பிடித்துக்கொண்டு போகட்டும் என்று நின்றாள்.

அவள் எதிர்பார்த்தது அத்துமீறல் வழக்கு. வந்ததோ திருட்டு வழக்கு. மேலயிருக்கிறவன் பார்த்தது இதுதான்: ஓரிடத்தில் திடீரென்று ஒரு மனிதர் தோன்றினார்; அதே நொடியில் அதே இடத்தில் மலையின் மிகச் சிறந்த மாடு மறைந்தது. இதற்கு ஒரே பொருள்தான் இருக்க முடியும்.

நீதிமன்றத்தில் ஆணையத்தின் வக்கீல், கூடுகொம்பியின் பழைய படத்தைத் தூக்கிக் காட்டினார். "இவ்வளவு பெரிய மாட்டை இந்த அம்மா எங்கே மறைத்து வைத்திருக்கிறார் என்று சொல்லட்டும். மாட்டை ஒப்படைத்தால் ஆணையம் கருணையோடு பரிசீலிக்கும்" என்றார்.

நீதிபதி ஒரு பெண்மணி. கண்ணாடிக்கு மேலாக ஒச்சம்மாளைப் பார்த்தார். "மாடு எங்கேம்மா?"

"நாந்தேம்மா அந்த மாடு."

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. "நீதிமன்றத்தில் விளையாடக் கூடாது."

"வெளையாடலம்மா. ஒரு வருசத்துக்கு மேலயே நாந்தேன் மாடு. சாயங்காலம் ஆனா வீட்டுக்குத் திரும்புனு காதுல சத்தம் வரும். திரும்பிருவேன். தப்பான எடத்துல கால வச்சா அடிக்கும். இந்தா பாருங்க." அவள் சேலையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். வெளுத்த தோலில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. சிரிப்பு நின்றது.

அடுத்து ஜெபக்கனியை அழைத்தார்கள். அந்த மாடு எவ்வளவு அருமையானது என்று எடுத்துச் சொல்வதற்காகத்தான் ஆணையம் அவளைச் சாட்சியாகக் கொண்டுவந்திருந்தது. அவள் கூண்டில் ஏறி ஒச்சம்மாளைப் பார்த்தாள். ஒச்சம்மாள் அவளைப் பார்க்கவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"இவங்க சொல்றது உண்மை. கூடுகொம்பிங்கிறது இவங்கதான். எனக்குப் போன மழைக்காலத்துல இருந்தே தெரியும்" என்றாள் ஜெபக்கனி.

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு வக்கீலைப் பார்த்தார். "தன்னைத் தானே திருடியதாக வழக்குப் போட முடியாது. உள்ளே நுழைந்ததற்கு வழக்குப் போடுகிறீர்களா?"

வக்கீல் கோப்பை மூடினார். உத்தரவுக்குப் பிறகு மலைக்குள் ஒரு மனிதர்கூட நுழையவில்லை என்பதுதான் ஆணையத்தின் பெருமை. தடை நீடிப்பதற்குக் காரணமும் அதுதான். அவர் கொஞ்சம் அவகாசம் கேட்டு வராண்டாவுக்குப் போய், கைபேசியில் நீண்ட நேரம் பேசிவிட்டுத் திரும்பினார். ஆணையம் வழக்கை வாபஸ் பெறுவதாகச் சொன்னார். காணாமல் போனதாகக் கூறப்படும் மாடு காணாமல் போகவில்லை என்று நீதிபதி எழுதி முடித்தார்.

ஒரு வாரத்தில் ஜெபக்கனியைப் பணிநீக்கம் செய்தார்கள். மாட்டை மனிதர் என்று தவறாகச் சான்றளித்தது காரணம். ஊருக்குப் பஸ் ஏறும் முன் அவள் கேட்டுப் பக்கம் வந்து ஒச்சம்மாளைப் பார்த்துவிட்டுப் போனாள். இருவருக்கும் பேச அதிகம் இல்லை. "வீட்டுல என்ன சொன்னாக?" என்று ஒச்சம்மாள் கேட்டாள். "சால்வையைத் திருப்பிக் குடுக்கணுமான்னு அம்மா கேட்டாங்க" என்றாள் ஜெபக்கனி. ஒச்சம்மாள் மடியிலிருந்து நாலு கொய்யாப் பழத்தை எடுத்து அவள் பைக்குள் போட்டாள்.

பிறகு ஒச்சம்மாளும் மற்றவர்களும் பழையபடி கேட்டுக்கு வெளியே நின்றார்கள். மற்றவர்களின் பட்டைகளையும் ஆணையம் பிடுங்கிக்கொண்டிருந்தது. மாடுகள் மட்டும் உள்ளே போய் வந்தன. மலையில் முன்னோடி மாடுகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது, உடனடியாகச் சரிசெய்யவும் என்று கணக்கு நாள்தோறும் ஆணையத்துக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஒரு காலையில் ஆணையத்து வேன் வந்து ஒரு அட்டைப்பெட்டியை முத்திருளாண்டியிடம் இறக்கிவிட்டுப் போனது. விளக்கம் எதுவும் இல்லை. அவன் பிரித்தான். புதுப் பட்டைகள். பழையதைவிட மெல்லியவை. உள்பக்கம் தோல் உரசாதபடி பஞ்சு வைத்துத் தைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மாட்டின் பெயர். ஆனால் எந்த மாட்டின் கழுத்துக்கும் அவை எட்டாது.

கூடுகொம்பி என்று எழுதியதை ஒச்சம்மாள் எடுத்தாள். ஒரே சுற்று. கொக்கி பொருந்தி விழுந்தது. இறுக்கவும் இல்லை, தளரவும் இல்லை. மற்றவர்களும் ஆளுக்கொன்றாக எடுத்துக் கட்டிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அளவு சரியாக இருந்தது.

"என் கழுத்த எப்ப அளந்தாக?" என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள்.

மாடுகள் கேட்டைத் தாண்டி ஏறத் தொடங்கியிருந்தன. ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். ஒச்சம்மாள் கடைசி. அவள் கேட்டைக் கடக்கும்போது முத்திருளாண்டி கூப்பிட்டான்.

"மதினி, இதுல இன்னும் ஒண்ணு கெடக்கு."

"யாருதாம்?"

அவன் பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பெயர் எதுவும் எழுதவில்லை. விளையாட்டுப் போலக் கழுத்தில் சுற்றினான். கொக்கி தானாகவே பொருந்தி விழுந்தது. சின்ன விளக்கு எரிந்தது.

"நான் உள்ளயே போறதில்லையே மதினி" என்றான்.